அரசடி மதகைத் திறக்க விடாதவர்

வெள்ளம் புகுந்த மூன்றாம் நாள் காலை. நெடுங்கரை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்த அம்சத்தைப் பார்த்து முன்னால் நின்ற பெண் திரும்பிச் சொன்னாள்: "உம் மவ செஞ்ச கம்ப்யூட்டருதான்டி எங்க பயிரைத் தின்னுடுச்சு."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அம்சமும் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குப் பிடித்துச் சம்பா நட்டிருந்தாள். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகிப்போயிருந்தது. பையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அரிசி வாங்காமலே வீட்டுக்கு நடந்தாள். அன்று சாயங்காலம் தஞ்சாவூரிலிருந்த மகளுக்குப் போன் செய்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீ ஏதும் தப்பா செஞ்சிட்டியாடி?"

எழில்மொழிக்கு அப்போது முப்பத்தாறு வயது. அதுவரை அவள் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். பெற்ற தாய் கேட்ட அந்த ஒரு கேள்விதான் அவளுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. இதைக் கேட்க வைத்தவன் எவனோ, அவனைச் சும்மா விடுவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்தாள். யார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அவள் அப்பா ரெத்தினம் மிராசுதார் வயல்களில் நாற்றுப் பறித்தும் களம் அடித்தும் மகளை எம்.சி.ஏ. வரை படிக்க வைத்தவர். அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் இறந்துபோனார். வேலை, தஞ்சாவூரில் ஓர் அறக்கட்டளை நடத்திய படுகை நீர் ஆய்வு மையத்தில். அங்கே சேர்ந்த ஐந்து வருடத்தில் 'நீர்வழி' என்ற நிரலை அவள் எழுதி முடித்தாள். ஆற்றில் எவ்வளவு வருகிறது, எங்கே எவ்வளவு மழை, கடல் எப்போது ஏறுகிறது, எந்த வடிகால் எவ்வளவு தாங்கும் என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, எந்த மதகை எப்போது திறக்கலாம் என்று வரைபடத்தில் நிறமிட்டுக் காட்டும். சிவப்பு என்றால் திற. பச்சை என்றால் திறக்க வேண்டாம்.

அந்தக் கணக்கைத் தாங்கும் கணினி மையத்தின் கீழ்த்தளத்துக் குளிர் அறையில் ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்க்க வேண்டியவர்களோ நாகப்பட்டினத்திலும் திருவாரூரிலும் வாய்க்கால் கரைகளிலும் இருந்தார்கள். அதனால் நிரல் ஓடுவது தஞ்சாவூரில், அதன் ஜன்னல் விரிவது அவரவர் மடிக்கணினியில் என்று எழில்மொழி ஏற்பாடு செய்தாள். இரண்டுக்கும் நடுவே எஸ்.எஸ்.எச். இணைப்பு. அந்த வழியாகப் போவது வருவது எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டவை. நடுவில் எவன் கைவைத்தாலும் அவனுக்குக் குப்பைதான் கிடைக்கும். உள்ளே வர ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி. சாவியின் ரகசியப் பாதி அவரவர் மடிக்கணினியிலேயே இருக்கும், அதைத் திறக்க ஒரு கடவுச்சொல்லும் வேண்டும். மறுபாதி பெரிய கணினியில். இரண்டும் பொருந்தினால்தான் கதவு திறக்கும். யார் எந்தச் சாவியால் எப்போது வந்தார்கள் என்பது பதிவேட்டில் விழுந்துவிடும். இதையெல்லாம் இருபத்திரண்டு பேருக்கு அவளே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

அதில் முதல் ஆள் மையத்தின் இயக்குநர் தியாகராசன். நிலபுலன் உள்ள குடும்பம், நல்ல பேச்சுக்காரர், கெட்டிக்காரர். முதல் கருத்தரங்கில் மேடையேறி 'என்னுடைய நீர்வழி' என்றார். அச்சிட்ட அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், தட்டச்சு உதவி என்ற தலைப்புக்குக் கீழே எழில்மொழியின் பெயர் இருந்தது. அவள் அந்தப் பக்கத்தை மடித்துப் பீரோவில் வைத்தாள்.

நவம்பர் பதினான்காம் தேதி அவள் தரங்கம்பாடியில் இருந்தாள். கடல் ஏற்றத்தைக் கவனிக்கும் குழுவுக்கு மடிக்கணினிகளில் நீர்வழியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து விடாத மழை. பிற்பகல் மூன்று மணிக்கு அரசடி மதகு திரையில் சிவப்பானது. சரி, இன்னும் அரை மணியில் மதகுக்காவல் பார்க்கும் லஸ்கருக்குச் செய்தி போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள். கால் மணி நேரத்தில் அதே மதகு பச்சையாக மாறியது. மேலே மழை விட்டிருக்கும் என்று எண்ணினாள். தான் எழுதிய நிரலை அவள் அவ்வளவு நம்பினாள்.

லஸ்கருக்குப் போன செய்தி, திறக்க வேண்டாம் என்பது. ஐந்து மணிக்கு வடிகால் பின்னேறிக் கரையை உடைத்துக்கொண்டு நெடுங்கரைக்குள் புகுந்தது. முந்நூறு ஏக்கர். பதினோரு வீட்டின் சுவர் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லாததே பெரிய விஷயம்.

மறுநாளே தியாகராசன் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். மென்பொருளில் பிழை, அதை எழுதிய ஊழியர் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். அந்த ஊழியர் நெடுங்கரையைச் சேர்ந்தவர்தான் என்பதையும் வருத்தமான குரலில் சேர்த்துக்கொண்டார். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

அம்மாவின் போன் வந்த மறுநாள் காலை எட்டு மணிக்கே எழில்மொழி மையத்துக்குப் போய் நீர்வழியின் திருத்தப் பட்டியலைத் திறந்தாள். அளவை யாராவது கையால் மாற்றினால் நிரல் அதைக் குறித்துக்கொள்ளும். பதினான்காம் தேதி, மூன்று பதினான்கு. அரசடி வடிகாலின் நீர்மட்டம் ஒன்றரை அடி குறைக்கப்பட்டிருந்தது. மாற்றியவர் பெயர், தியாகராசன்.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது காரணமும் தெரிந்தது. அரசடி மதகைத் திறந்தால் உபரித் தண்ணீர் இறங்கும் பக்கம் அவருடைய அண்ணன் நிலம், இரண்டு வேலி, பதின்மூன்று ஏக்கருக்கு மேல். அப்போதுதான் நடவு முடிந்திருந்தது.

தாளில் அச்செடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனாள். அவர் படித்தார். முகம் மாறவில்லை.

"உக்காரும்மா. இதை யார் எழுதிருக்கணும்னு நெனைக்கிற?"

"உங்க பேருதான் சார் இருக்கு."

"என் பேரு இருக்கு. ஆனா அந்தக் கம்ப்யூட்டர்ல யார் பேர்ல வேணும்னாலும் எழுதற அதிகாரம் யார்கிட்ட இருக்கு? உன்கிட்ட. நீதான அட்மின்? நான் அன்னிக்குக் கும்பகோணத்துல கல்யாணத்துல இருந்தேன். ஐநூறு பேர் பாத்தாங்க." தாளை நான்காக மடித்து அவளிடமே கொடுத்தார். "இதை வெளிய காட்டினா, பழியை என் மேல போட நீயே எழுதிக்கிட்டேன்னுதான் சொல்லுவாங்க. யோசிச்சுக்க."

அவர் சொன்னது உண்மை. அதுதான் அவளை எரித்தது. அவள் கட்டிக் காத்த கணினியே அவளுக்குச் சாட்சி சொல்ல முடியாமல் நின்றது.

அன்று பகல் இரண்டரை மணிக்கு, தன் வீட்டிலிருந்து தியாகராசன் நீர்வழியின் ஜன்னலைத் திறந்தார். கீழ்த்தளத்தில் இருந்த எழில்மொழியின் திரையில் அது தெரிந்தது. வரைபடம் மெதுவாக வருகிறது என்று அவர் முன்பு குறைபட்டுக்கொண்டபோது, முழு நம்பிக்கை முறையில் இணையச் சொல்லி அவள்தான் வழி காட்டியிருந்தாள். அந்த முறையில் ஒரு வினை உண்டு. வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் வழியின் மறுமுனையில் இருக்கும் கணினியை உங்கள் மடிக்கணினி தன் வீட்டு ஆளாகவே எடுத்துக்கொள்கிறது. நீர்வழி ஜன்னலில் தட்டுவது மட்டுமல்ல, பக்கத்து ஜன்னலில் கடிதம் எழுதினாலும் அந்த விசைகளை மறுமுனையில் இருப்பவர் படிக்கலாம். மற்ற இருபத்தொரு பேரையும் அந்த முறை கூடாது என்று அவள் எச்சரித்திருந்தாள். இவர் இயக்குநர், சொன்னால் கோபிப்பார் என்று விட்டிருந்தாள்.

இப்போது மறுமுனையில் அவள் இருந்தாள்.

சின்ன நிரல்தான், ஏழெட்டு வரி. ஓட விட்டாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக அவள் திரையில் விழத் தொடங்கின. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவது அவர் வழக்கம். அண்ணனுக்கு எழுதிக்கொண்டிருந்தார்: 'அண்ணே, பயப்படாதீங்க. ஒன்றரை அடி கொறச்சது வெளிய வராது. அந்தப் பொண்ணு தலையிலயே விடிஞ்சிடும். அவ ஊர்க்காரங்களே அவளைத் திட்ட ஆரம்பிச்சிட்டாங்க.'

அதைப் படித்தபோது அவளுக்கு அதிர்ச்சி வரவில்லை. சந்தோஷம் வந்தது. பசியோடு இருந்தவளுக்கு இலை போட்டதுபோல இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நாற்பது நிமிடம் படித்தாள். அவர் வங்கிக் கணக்கைத் திறந்தார், அந்தக் கடவுச்சொல்லும் எழுத்து எழுத்தாக வந்தது. அதையும் பார்த்தாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் என்னென்னவோ நினைத்தாள். அந்த வங்கிக் கணக்கைத் துடைத்துவிடலாம். அவர் பெயரிலேயே ஊருக்கெல்லாம் அந்தக் கடிதத்தை அனுப்பலாம். அவர் மடிக்கணினியில் இருப்பதையெல்லாம் அழிக்கலாம். குளிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அதையே நினைத்துச் சுவைத்தாள். அவளைத் தடுத்தது நல்ல குணம் ஒன்றும் இல்லை. இதில் எதைச் செய்தாலும் அவர் பாவம், இவள் திருடி என்று ஆகிவிடும். அவர் மேல் ஒருவர்கூட இரக்கப்படக் கூடாது. அவர் வாயாலேயே, அவர் கையாலேயே, நாலு பேர் நடுவில் விழ வேண்டும்.

மூன்றாம் நாள் அவளை இடைநீக்கம் செய்தார்கள். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போதே என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாகிவிட்டது.

இரண்டு வருடம் முன்பு, பெரிய கணினியின் பதிவேடு ஒவ்வொரு நிமிடமும் திருச்சியில் உள்ள அறக்கட்டளைத் தலைமை அலுவலகத்துக்கு நகலாகப் போகும்படி அவள் செய்திருந்தாள். அந்த நகலைத் தொட அவளுக்கே உரிமை கிடையாது. அறக்கட்டளைச் செயலர் பிரகதாம்பாளுக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினாள். தன் மேல் விசாரணை நடத்த வேண்டும், அதற்குக் கணினிப் பாதுகாப்பு தெரிந்த வெளி ஆள் ஒருவர் வேண்டும், அவரிடம் திருச்சி நகலைத் தர வேண்டும். வேறு எதையும் எழுதவில்லை. யார் மேலும் குற்றம் சொல்லவில்லை.

விசாரணை டிசம்பர் முதல் வாரத்தில், மையத்தின் கூட்ட அறையில், காலை பத்து மணிக்கு. பிரகதாம்பாள் நடுவில் உட்கார்ந்தார். வெளி ஆளாக வந்தவர் ஃபஹ்மிதா, நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் கணினிப் பாதுகாப்பு கற்பிப்பவர். அதிகம் பேசாதவர். அவர் மடிக்கணினி சுவர்த்திரையோடு இணைக்கப்பட்டிருந்தது.

தியாகராசன் அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் பிரகதாம்பாள் எழில்மொழியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

எழில்மொழி எழுந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சாரைப் பத்தி ஒரு பேச்சு இருக்குங்க மேடம். சாருக்கு இந்த இணைப்பெல்லாம் ஒண்ணும் தெரியாது, அவர் சாவியும் கடவுச்சொல்லும் நான்தான் வச்சிருந்தேன், லேப்டாப்பே என்கிட்டதான் கெடந்துச்சுன்னு பேசிக்கிறாங்க. அப்படி இல்லைன்னு சாரே சொல்லிட்டா நல்லாருக்கும்."

அப்படிப் பேசியவர் யாரும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு தியாகராசனுக்கு எங்கே தைக்கும் என்று அவளுக்குத் தெரியும். இயக்குநர் தன் சாவியை ஊழியரிடம் கொடுப்பது விதிமீறல் என்பது ஒரு பக்கம். ஒன்றும் தெரியாதவர் என்பது மறு பக்கம்.

"யார் சொன்னது?" அவர் குரல் ஏறியது. "என் லேப்டாப்பை என் வீட்டுக்காரிகூடத் தொடமாட்டா. சாவி அதுக்குள்ள மட்டும்தான் இருக்கு, வேற எங்கயும் கிடையாது. கடவுச்சொல் என் மண்டையில இருக்கு. இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப சாரே ஒரு தடவை நீர்வழியைத் திறந்து காமிச்சிட்டா, எல்லாருக்கும் தெளிவாயிடும்ங்க," என்றாள் எழில்மொழி.

"இதென்ன பெரிய வித்தையா?" அவர் மடிக்கணினியைத் திறந்தார். எல்லாரும் பார்க்க, கடவுச்சொல்லைத் தட்டினார். சில நொடிகளில் வரைபடம் விரிந்தது. ஆறும் வாய்க்காலும் மதகுகளும். அதை மேசை நடுவில் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இப்ப பதிவேட்டுல கடைசியா விழுந்த வரியைத் திரையில காட்டுங்க மேடம்," என்றாள் எழில்மொழி. இம்முறை குரலைத் தாழ்த்தவில்லை.

ஃபஹ்மிதா காட்டினார். "இது இப்ப சார் உள்ள வந்தது. பத்து ஐம்பத்திரண்டு. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கைரேகை மாதிரி இருக்கும், ரெண்டு சாவிக்கு ஒண்ணா இருக்காது. இதோட கடைசி நாலு எழுத்து கியூ, ஏழு, எக்ஸ், எம்." பிறகு இன்னொரு பக்கத்தைத் திறந்தார். "இது திருச்சி நகல். நவம்பர் பதினாலு, மூணு மணி ஒன்பது நிமிஷம். நீர்மட்டத்தை மாத்தறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒருத்தர் உள்ள வந்திருக்காங்க."

இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இரண்டும் ஒன்று.

"இணைப்பு வந்த முகவரியும் இருக்கு," என்றார் ஃபஹ்மிதா. "மையம் இயக்குநருக்குக் கொடுத்த நெட் டாங்கிளோடது."

தியாகராசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது... இந்தப் பொண்ணு சாவியைக் காப்பி எடுத்திருப்பா."

பிரகதாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சாவி வேற எங்கயும் கிடையாதுன்னு இப்பதானே சொன்னீங்க? உங்க வீட்டுக்காரம்மாவே தொடமாட்டாங்கன்னீங்க."

"நான் கல்யாணத்துல..."

"கல்யாண மண்டபத்துல உக்காந்துக்கிட்டே செஞ்சிருக்கீங்க."

தியாகராசன் எழில்மொழியைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை, நெற்றி வேர்ப்பதை, கை மேசை விளிம்பைத் தேடுவதை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அரை நிமிடம் இருக்கும். அதை அவள் அவசரப்படாமல் அனுபவித்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் வராந்தாவில் நின்றவளிடம் ஃபஹ்மிதா வந்தார்.

"நகல்ல இன்னொண்ணும் இருக்கு. பதினெட்டாம் தேதி, ரெண்டரை மணி. நீங்க ஒரு நிரலை நாற்பது நிமிஷம் ஓட்டிருக்கீங்க. அவர் விசைப்பலகையைப் படிச்சிருக்கீங்க."

எழில்மொழி மறுக்கவில்லை. "ஆமாங்க."

"அதனாலதான் இவ்வளவு உறுதியா இருந்தீங்க."

"அவர்தான்னு தெரிஞ்சதுக்கு அப்புறம், எப்படி வீழ்த்தறதுன்னு மட்டும்தான் யோசிச்சேன்."

"அவர் செஞ்சதை நீங்க நிரூபிச்சது நேர் வழியில. தெரிஞ்சுக்கிட்டது அப்படி இல்லை." என்றார் ஃபஹ்மிதா. "நான் அறிக்கையில ரெண்டையும் எழுதணும்ங்க. உங்களை நம்பித்தான் இருபத்திரண்டு பேர் அந்தக் கம்ப்யூட்டரோட இணையறாங்க."

"எழுதுங்க," என்றாள் எழில்மொழி. "ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எழுதினா, நாளைக்கு அதைப் பிடிச்சுக்கிட்டு அவர் தப்பிச்சிடுவார்."

அறிக்கை ஜனவரியில் வந்தது. தியாகராசன் பதவி நீக்கம். அவர் மேல் காவல் நிலையத்தில் புகார். எழில்மொழியும் பணிநீக்கம், புகார் இல்லை. வெள்ளத்துக்கு நிரல் காரணமல்ல, நீர்மட்ட அளவை இயக்குநர் குறைத்துக் காட்டியதே காரணம் என்று அறக்கட்டளை ஒரு பக்க அறிவிப்பை நெடுங்கரை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியது. அம்சம் எழுத்துக் கூட்டி அதை இரண்டு தரம் படித்தாள். மறுநாள், வரிசையில் ஏசிய பெண் வாசலில் வந்து நின்று, "தெரியாம பேசிட்டேன், மனசுல வச்சிக்காத" என்றாள். "வச்சிக்கத்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு அம்சம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

தியாகராசன் தன் மடிக்கணினியை ஒப்படைக்க மையத்துக்கு வரும் நாளை எழில்மொழி விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அவளுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. இருந்தும் காலை பதினோரு மணிக்கு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் வெளியே வரும்போது கையில் ஒன்றும் இல்லை. கார் கதவில் கை வைத்தவர் அவளைக் கண்டு நின்றார்.

"உனக்கும்தான் வேலை போச்சு. என்னம்மா கெடச்சுது உனக்கு?"

"நீங்க போறதை நின்னு பாக்கக் கெடச்சுது சார்."

அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் அவளுக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை. போன இடமெல்லாம் அந்த அறிக்கை அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஃபஹ்மிதாவிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டாள்; ஒரு வருடம் போகட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். சொன்னபடி ஒரு வருடம் கழித்துத் தானே கூப்பிட்டுக் கொடுத்தார். இப்போது நாகப்பட்டினத்தில் கடலோர ஆய்வு நடத்தும் ஒரு சிறிய நிறுவனத்தில், கடலில் மிதக்கும் கருவிகளின் படங்களைக் கரையில் இருப்பவர்களின் திரைக்குக் கொண்டுவரும் வேலை. முழு நம்பிக்கை முறையில் இணைவதை அங்கே அவள் யாருக்கும் அனுமதிப்பதில்லை. நிறுவனத்தின் தலைவரே கேட்டும் முடியாது என்றுவிட்டாள்.

மாதம் ஒரு தடவை அம்மாவைப் பார்க்கப் பஸ்ஸில் போகிறாள். அரசடி மதகு தாண்டியதும் தியாகராசனின் அண்ணன் வயல் வரும். அந்தப் பக்கத்து ஜன்னலாகப் பார்த்துத்தான் உட்காருவாள். பயிர் மஞ்சளடித்துக் கிடந்தால் அன்று அவளுக்கு நல்ல நாள். கரும்பச்சையாய்த் தழைத்து நின்றால், வீட்டுக்குப் போய் அம்மா போடும் சோறு தொண்டையில் இறங்காது.